சென்னையில் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தூரத்தைத் தீர்மானிப்பவர் யார்?

கூவக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒருவருடைய நகர வாழ்க்கையை அறிய, அவர் எங்கே உறங்குகிறார், எங்கே உழைக்கிறார், நடுவே எத்தனை மணி நேரத்தைப் பேருந்திலும் ரயிலிலும் கழிக்கிறார் என்று கேட்டாலே போதும் என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். சென்னையில் இந்தத் தூரம் தானாக உண்டானதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரோ ஒருவர் வரைபடத்தின் மேல் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடுகளைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1639 ஆகஸ்ட் 22 அன்று உள்ளூர் ஆட்சியாளரான தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே பெற்ற நிலத்தில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க, மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்துதான் ஆளும் சரக்கும் கரை சேர வேண்டியிருந்தது. இத்தகைய மணற்கரையைக் கம்பெனி தேர்ந்தெடுக்கத் துணியே காரணம். பருத்தித் துணி இங்கே நல்ல விலைக்குக் கிடைத்தது. எனவே, துணியோடு தொடர்புடைய ஒவ்வொரு தொழிலாளர் கூட்டமும் கம்பெனி அங்கே கட்டிய புனித ஜார்ஜ் கோட்டைக்கு எட்டும் தொலைவில் குடியமர்த்தப்பட்டது. துணி வெளுப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டை; நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் 1730களில் சிந்தாதிரிப்பேட்டை. தறி இருந்த திண்ணையே தொழிற்கூடமாக இருந்ததால், அன்று வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தூரம் என்ற ஒன்றே இல்லை.

அந்த அருகாமை நிலைக்கவில்லை. 1746இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தபோது, கோட்டைச் சுவரை ஒட்டி உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் வீடுகள் இடிக்கப்பட்டன. 1749இல் நகரம் திரும்பக் கிடைத்த பிறகு ஆங்கிலேயரும் அந்த வேலையையே தொடர்ந்தார்கள். பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த வெளிக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக ஆறு எல்லைத் தூண்களை நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. உயர் நீதிமன்றம் இன்று இருப்பது மக்களை அகற்றி உண்டாக்கிய அந்த வெளியில்தான்.

நாள்தோறும் அந்தத் தூணைக் கடந்து போகிற எனக்கு, இந்த நகரத்தின் முதல் குடியகற்றத்தை அது நினைவூட்டுகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதே கோடு வேறு வேறு காரணங்களுக்காக வரையப்பட்டுள்ளது. ஆகவே என் கேள்வி இது: சென்னையின் அன்றாடத்தை வடிவமைத்தது தொழிலும் வணிகமுமா, அல்லது நிலத்தைப் பங்கிடும் அதிகாரம் பெற்ற அமைப்புகளா? அமைப்புகளே என்பது என் கருத்து.

ஏரிக்கரைவாசி எழுதியது:

கதையைக் கோட்டையிலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், புரசைவாக்கம் ஆகிய ஊர்கள் கோட்டைக்கு முன்பே உழவும் ஏரியுமாக வாழ்ந்தவை. சென்னை ஒரு கோட்டையிலிருந்து பரவிய ஊர் என்பதைவிட, கோட்டை ஒன்று பல ஏரியூர்களை ஒவ்வொன்றாக விழுங்கிய கதை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நீங்கள் தூரத்தை அளவுகோலாகக் கொள்கிறீர்கள். நான் தண்ணீரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீரால் பாசனம் பெறும் நிலம், இருந்தவரை அதற்கு ஆளும் இருந்தது. அதன் நீரில் நெல் விளைவித்தவர்கள் கரையை உயர்த்தினார்கள், மதகைப் பார்த்துக்கொண்டார்கள், மழைக்கு முன்பு வரத்துக் கால்வாயைத் தூர்வாரினார்கள். அதைத்தான் குடிமராமத்து என்றோம். நகரத்துக்குக் குடிநீர் வந்த வரலாற்றை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். 1772இல் ஏழுகிணறு கோட்டைக்கு நீர் வழங்கத் தொடங்கியது. 1872இல் புழல் ஏரி நீர் நகரத்துக்கு வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் அமைந்தது. தொலைவிலிருந்து குழாயில் நீர் வரத் தொடங்கியதும், வீட்டருகே இருந்த ஏரி நகரவாசிக்குத் தேவையற்றதாகியது. வயல் மனையானதும் ஆயக்கட்டுக்காரர் மறைந்தார். அவரோடு மதகைத் திறக்கும் கையும் மறைந்தது. கேட்பாரற்றுக் கிடந்த அந்த நீர்ப்பரப்பு, கணக்குப் பதிவேட்டில் வெறும் நிலமாகத் தோன்றத் தொடங்கியது.

1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானதை எடுத்துக்கொள்ளுங்கள். அழகான பூங்காவும் அதை நோக்கி ஓடும் வீதிகளுமாக, நம் நகரமைப்பு வரலாற்றில் பாராட்டத்தக்க முயற்சி அது. ஆனால் அதன் அருகே நீண்டு கிடந்த பெரிய ஏரி வடிக்கப்பட்டு மனைகளாயிற்று. வள்ளுவர் கோட்டம் 1976இல் எழுந்ததும் நுங்கம்பாக்கத்தின் பழைய ஏரிப் பரப்பில்தான். மேற்கு மாம்பலத்தில் ஏரி பார்க்கும் சாலை என்று பொருள்படும் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி வந்தபோது வீடுகளுக்குள் புகுந்த நீர், பல இடங்களில் தன் பழைய பாதையைத்தான் தேடிற்று. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர நேர்ந்தது. லாரி எப்போது வரும் என்பதைக் கொண்டு அந்தக் கோடையில் குடும்பங்கள் தங்கள் நாளை அமைத்துக்கொண்டன. யார் வேலைக்குப் போவது, யார் குடத்தோடு வீட்டில் நிற்பது என்ற முடிவும் அதைப் பொறுத்தே இருந்தது. பெரும்பாலும் பெண்ணே நின்றார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலைச்சங்கு எழுதியது:

இருவரும் நிலத்தைப் பற்றியும் நீரைப் பற்றியும் பேசிவிட்டீர்கள். உழைப்பைப் பற்றி ஒருவராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் தந்தையும் பாட்டனாரும் பெரம்பூர்ப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்கள். எங்கள் தெருவில் கடிகாரம் இல்லாத வீடுகள் உண்டு. சங்கொலி கேட்காத வீடு இல்லை. அடுப்பு மூட்டுவது, பிள்ளைகளை எழுப்புவது, முறைமாறும் நேரத்தில் தேநீர்க் கடையில் கூடுவது ஆகிய அனைத்தும் அந்தச் சங்கின் கணக்கில் நடந்தன.

பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் வந்த பிறகுதான் வடசென்னை இன்றைய வடசென்னையாயிற்று. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோர் முன்னின்ற அந்தச் சங்கத்தை, இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். 1923இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே நாள் கொண்டாடியதற்கும் இந்த மண்ணில்தான் வேர் இருந்தது. ஆனால் பெருமையை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. 1921 வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் வெளியே நின்ற மற்றவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மோதல்கள் மூண்டன. ஆலைக்குள் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவர்கள், ஆலைக்கு வெளியே சாதிவாரியாகப் பிரிந்த தெருக்களில் வாழ்ந்தார்கள். ஒரே முதலாளியும் ஒரே கூலியும் இருந்தும் அந்தப் பிரிவு கரையவில்லை. ஆகவே, பொருளாதாரம் நகர வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று சொல்பவர்களிடமும், அமைப்புகள் தீர்மானிக்கின்றன என்று சொல்பவர்களிடமும், இந்தத் தெருக்களை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தது. 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. எங்கள் தெருவிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய வேலை பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. 1996இல் ஆலை நிரந்தரமாக மூடப்பட்டது. ஆலை நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. எங்கள் பிள்ளைகள் நாள்தோறும் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலைக்குப் பயணம் செய்கிறார்கள். கூவக்கரை ஐயா கேட்ட தூரம் எங்கள் வீட்டில் ஒரே தலைமுறையில் நீண்டது. அதற்கு எந்த அமைப்பும் கோடு போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை இடம் மாறியது, அவ்வளவே.

மேன்ஷன்வாசி எழுதியது:

நான் இந்த ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகளே ஆகின்றன. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையில் தங்கியிருக்கிறேன். சுருக்கமாக ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். என்னைப் போன்றவர்கள் இத்தனை நெருக்கமாக இங்கே ஏன் தங்குகிறோம் என்றால், தலைமைச் செயலகமும் 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அண்ணா சாலை அலுவலகங்களும் நடக்கும் தொலைவில் இருப்பதால்தான். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைச் சுற்றியுள்ள விடுதிகள், மருந்துக் கடைகள், நோயாளியோடு வந்து வராந்தாவில் படுத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்கள் ஆகியோரெல்லாம் அந்த ஒரு நிறுவனத்தால் நகரத்துக்குள் இழுக்கப்பட்டவர்கள். நகரம் மக்களை வெளியே தள்ளுவதைப் பற்றியே பேசுகிறோம்; உள்ளே இழுப்பதும் அமைப்புகளே.

மாலைவகுப்பு எழுதியது:

பெரும்பாக்கம் குடியிருப்பில் வாரம் மூன்று நாட்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஆலைச்சங்கு ஐயா, வேலை இடம் மாறியது, அவ்வளவே என்று எழுதிய வரி என்னை வருத்தியது. பெரும்பாக்கத்தில் நடந்தது நேர் எதிரானது. வேலை இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு மட்டும் மாற்றப்பட்டது.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அதன் முழக்கமாக இருந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில், குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகிலேயே, மாடி வீடுகள் கட்டித் தரப்பட்டன. கட்டடத்தின் தரத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், மீன் விற்பவர் தம் கடற்கரையையும் வீட்டு வேலை செய்பவர் தம் தெருவையும் இழக்கவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டி இந்தப் போக்கு மாறியது. கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களும் இங்கேதான் வந்தார்கள். வெள்ளத்திலிருந்து காப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடியேற்றப்பட்டதை ஏரிக்கரைவாசி அம்மா கவனிக்க வேண்டும்.

என் மாணவி ஒருத்தியின் தாய் மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். முதல் வீட்டில் காலை ஆறரை மணிக்குக் கோலம் போட்டாக வேண்டும் என்பதால், நான்கரைக்கே எழுந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார். பிள்ளை எழும்போது தாய் வீட்டில் இல்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்வது அவர் வாழ்வில் உண்மையான மாற்றத்தை உண்டாக்கியிருக்கிறது. கையில் மிஞ்சும் காசு பிள்ளையின் பாடப் புத்தகமாகிறது. இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் பயணக் கூலி குறைந்ததே தவிர, பயண நேரம் குறையவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்ட பிறகு, பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் துப்புரவுப் பணிக்கும் காவல் பணிக்கும் போகிறவர்களில் கண்ணகி நகர்க்காரர்கள் பலர். இளைஞர்களில் சிலர் திரும்பிப் போக விரும்பவில்லை. கூரையும் கதவும் கழிப்பறையும் உள்ள வீட்டை விட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்கள் கேள்வி நியாயமானது. இடம் மாறும் முன்பு அவர்கள் பெற்றோரிடம் ஒருவரேனும் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. வாழ்விடம் என்ற சொல்லுக்குள் வேலையும் பள்ளியும் அக்கம்பக்கமும் அடங்கும் என்று நான் நம்புகிறேன்.

நகரமன்றம் எழுதியது:

அம்மா, கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். கேட்க வேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. மேயரோடு ஆல்டர்மென் எனப்படும் பன்னிரண்டு மூத்த உறுப்பினர்கள் அதில் இருந்தார்கள். உள்ளூர் மக்களின் பிரதிநிதிகளும் சேர்க்கப்பட்டார்கள். வரியை உள்ளூர்க்காரர்கள் வழியாக விதித்தால் மக்கள் எதிர்ப்பில்லாமல் செலுத்துவார்கள் என்று லண்டனில் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு எண்ணியதே அதன் பின்னணி. மக்கள் எளிதில் இசையவில்லை என்பது வேறு கதை. குடிமக்களின் குரலுக்காக என்பதைவிட, வரி வாங்குவதற்காகவே இங்கே நகராட்சி பிறந்தது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

1973இல் கலைக்கப்பட்ட மாமன்றம் 1996 வரை திரும்பவில்லை. பெருநகர வளர்ச்சிக் குழுமம் 1974இல் சட்டப்படியான அமைப்பானதும், குடிநீர் வாரியம் 1978இல் தோன்றியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத அந்த ஆண்டுகளில்தான். நிலப் பயன்பாடு ஓரிடத்துக்கும், தண்ணீர் வேறிடத்துக்கும், பேருந்து மற்றோரிடத்துக்கும், குடிசைவாழ் மக்களின் வீடு இன்னோரிடத்துக்கும் போனது. நகரமைப்பும் குடிநீரும் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பதினெட்டுப் பணிகளில் அடங்கும் என்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பட்டியலிட்டது. அதற்குப் பிறகும் சென்னையில் அவை பெரும்பாலும் மாநில அரசின் அமைப்புகளிடமே உள்ளன. 2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகவும், வார்டுகள் 155இலிருந்து 200 ஆகவும் விரிந்தன. 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றம் இல்லை. 2019இன் வறட்சியை இந்த நகரம் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் கடந்தது.

ஆலைச்சங்கு எழுதியது:

மாலைவகுப்பு அம்மா, என் சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காட்டிய வேறுபாட்டை ஏற்கிறேன். நகரமன்றம் ஐயாவுக்கு ஒரு மறுப்பு. 1973இல் மன்றம் கலைக்கப்பட்டதற்கு, இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எழுதப்பட்ட மஸ்டர் ரோல் ஊழல் காரணமாக அமைந்தது. தேர்தல் இருந்தாலே நேர்மை வந்துவிடும் என்று எங்கள் பகுதியில் யாரும் நம்பமாட்டார்கள். இருந்தாலும், தவறு செய்த கவுன்சிலரை மறுமுறை தோற்கடிக்கலாம். இருபத்து மூன்று ஆண்டுகள் அந்த வாய்ப்பே எங்களுக்கு இல்லை என்பதையும் மறுக்க மாட்டேன்.

கூவக்கரை எழுதியது:

இழையைத் தொடங்கியபோது இருந்த என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். தொழில் ஓரிடத்தை விட்டுப் போவதற்கு அமைப்புகளை மட்டுமே குற்றம் சொல்ல முடியாது என்று ஆலைச்சங்கு ஐயா காட்டினார். சாதித் தெருவைப் பற்றி அவர் கேட்டதற்கு என்னிடம் முழு விடை இல்லை. கம்பெனி காலத்தில் தொழிலுக்கொரு பேட்டை என்று குடியமர்த்தியது, சாதிக்கொரு தெரு என்பதை நகரத்துக்குள் கொண்டுவந்து உறுதிப்படுத்தியது என்ற அளவில் மட்டும் சொல்வேன்.

ஆனால் ஒன்றில் உறுதியாக நிற்கிறேன். பொருளாதார முடிவு நாற்பது ஆண்டுகளில் மாறிவிடுகிறது. அமைப்பு போட்ட கோடு மாறுவதில்லை. துறைமுகத்தைப் பாருங்கள். 1881 புயலில் உடைந்து மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கற்சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. ஒரே சுவரால் ஒரு பக்கத்தார் மாலையில் காற்று வாங்கும் வெளியைப் பெற்றார்கள். மறுபக்கத்து மீனவர் வீட்டையும் வலை உலர்த்தும் இடத்தையும் இழந்தார்கள். துறைமுகத்தில் ஏற்றி இறக்கும் சரக்கு எத்தனையோ முறை மாறிவிட்டது. கடலரிப்பு இன்றும் தொடர்கிறது.

பறக்கும் ரயிலையும் அப்படியே காண்கிறேன். பக்கிங்ஹாம் கால்வாயில் தூண்களை இறக்கினால் நிலம் வாங்க வேண்டியதில்லை என்பது அன்றைய கணக்கு. படகு ஓடிய கால்வாய் அதற்குப் பிறகு மீள வழியில்லாமல் போயிற்று.

ஏரிக்கரைவாசி எழுதியது:

அந்தக் கால்வாய்த் தூண்களைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். இப்போது ஒரு நிகழ்ச்சியை மட்டும் பகிர்கிறேன். எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தபோது, மழைக்காலத்தில் நான்கு தெருக்கள் மூழ்குவதைப் பற்றிக் கேட்டேன். ஏரியின் உபரி நீர் வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஏரி ஒரு துறையிடமும், புறம்போக்கு நிலம் இன்னொரு துறையிடமும், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமும், அதற்குள் கலக்கும் கழிவுநீர் வேறொரு வாரியத்திடமும் இருப்பதாகச் சொன்னார்கள். வந்திருந்த அலுவலர் அன்போடுதான் பேசினார். அவர் கையில் இருந்தது வடிகால் மட்டும்.

கூட்டம் முடிந்ததும் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் என்னைத் தெருமுனைக்கு அழைத்துச் சென்று, ஏரியின் உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் இருந்த இடம் இதுதான் என்று ஒரு வீட்டின் மதிற்சுவரைக் காட்டினார். சிறு வயதில் அந்தக் கலங்கல் வழிந்தபோது மீன் பிடித்திருக்கிறாராம். எந்தத் துறையும் அன்று காட்டாத இடத்தை அவர் காட்டினார். அடுத்த கூட்டத்துக்குப் பழைய கிராம வரைபடத்தின் நகலை வாங்கிச் செல்ல முடிவு செய்திருக்கிறேன். நகரமன்றம் ஐயா, புல வரைபடத்தையும் நிலப் பதிவேட்டையும் படித்து ஒப்பிடத் தெரிந்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வர இயலுமா?

நகரமன்றம் எழுதியது:

வருகிறேன், அம்மா. புல எண் தெரிந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்தப் பெரியவரையும் உடன் இருக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் கோடு இருக்கும், மதகு எந்தப் பக்கம் திறந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.